யாரும் சாகாத துட்டி

ஜெபகனிக்குத் துக்கம் என்று எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுடைய பாட்டைக் கேட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் தேடினார்கள். யாரையாவது விரும்பி ஏமாந்தாளா, வயிற்றில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முழுவதும் துருவிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டாள். படுத்தால் தூங்கினாள். சிரித்தால் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது.

நான் எதிர்வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் தெருவுக்கே சிஸ்டர். ஜெபகனியின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். மகளுக்கும் கற்றுக்கொடுத்தார். அவள் கட்டைகளைத் தட்டுவதைவிட, ஒரே கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அது எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதில்தான் ஆசையாக இருந்தாளாம். கல்யாணம் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாள். எல்லாக் காரணமும் கேட்பவர் சிரிக்கும்படியாக இருந்ததால் யாரும் மேலே கேட்கவில்லை.

வேலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். வெளியூர்க்காரர்களுக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுக்கும் ஆப்பரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற பெண்களுக்குக் காது வலித்தது. இவளுக்கு அதுதான் பிடித்தது. யாரும் பேசாத நேரத்தில் ஒவ்வொரு ஊர்க் கம்பியும் ஒவ்வொரு மாதிரி முனகும் என்பாள். களக்காட்டு லைனில் மலையில் மழை பெய்தால் உள்ளே யாரோ விசிலடிப்பது போல இருக்குமாம். சேரன்மகாதேவி லைன் அடிக்குரல்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் புது எலக்ட்ரானிக் இயந்திரம் வந்தது. டிரங்க் கால் குறைந்தது, இவளை விசாரணை மேஜைக்கு மாற்றினார்கள். புதுக் கம்பிகளில் முனகலே இல்லை. அதற்காக அவள் உட்கார்ந்து புலம்பவில்லை. பஹ்ரைனில் இருந்த பெரியம்மா மகனிடம் சொல்லி ஒரு கீபோர்டு வரவழைத்தாள். போன சத்தத்தைத் தானே செய்துகொள்வது என்று முடிவு.

செய்த விதத்தைச் சொன்னால்தான் ஆளைப் புரியும். மொட்டை மாடியில் அவளுக்கு ஒரு அறை. கீபோர்டில் இரண்டு மூன்று கட்டைகளை அமுக்கி, மேலே வராதபடி தீப்பெட்டியை மடித்து இடுக்கில் செருகிவிடுவாள். அது பாட்டுக்கு ஊம் என்று இழுத்துக்கொண்டே இருக்கும். அதைக் கேசட்டில் பதிவாள். பிறகு அந்தக் கேசட்டைத் தீரப்போகிற பேட்டரி போட்ட டேப் ரிக்கார்டரில் ஓடவிடுவாள். பேட்டரி பலமில்லாததால் சுற்று மெதுவாகி, சத்தம் கீழே கீழே இறங்கும். அந்த டேப் ரிக்கார்டரை வாளியில் வைத்துக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் பாதி இறக்கி, கிணறு திருப்பிச் சொல்வதை இன்னொரு டேப் ரிக்கார்டரில் பிடிப்பாள். பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா ஒரு நாள் தண்ணீர் எடுக்க வந்து, கிணறு முனகுவதைக் கேட்டுக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

பேட்டரிதான் அவளுக்குப் பெரும்பாடு. எங்கள் ஊரில் டார்ச் பேட்டரி தீர்ந்தால் தூக்கிப் போடமாட்டோம். மாடியில் வெயிலில் காயப் போடுவோம். இன்னும் கொஞ்ச நாள் ஓடும். எல்லோருக்கும் செத்த பேட்டரி பிழைக்க வேண்டும், இவளுக்கு மட்டும் சாகிற நிலையில் வேண்டும். வீடு வீடாகப் போய்ப் புதுப் பேட்டரியைக் கொடுத்துப் பழையதை வாங்கினாள். முதலில் யாரும் நம்பவில்லை. மைதீன் பாத்திமாதான், "ஏளா, நீ கெட்ட கேட்டுக்கு யாவாரமும் பண்ணுதியா?" என்று கேட்டபடி முதல் ஜோடியைக் கொடுத்தாள். கொஞ்ச காலத்தில் தெருவில் மாடிகளில் வத்தல் மட்டும்தான் காய்ந்தது. ஜெபகனி அறையில் பிஸ்கட் டின்கள் வரிசையாக நின்றன. பாதி செத்தது ஒரு டின், முக்கால் செத்தது ஒரு டின்.

பாட்டு எப்படி இருக்கும் என்றால், அதில் பாட்டே இருக்காது. தாளம் இல்லை, வார்த்தை இல்லை. கீழே ஒரு கனமான முனகல், அதன்மேல் மெலிதாக ஒன்று எழுந்து, வளைந்து, கரைந்து போகும். காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டினால் சில நோயாளிகள், சுவர் மூச்சுவிடுகிறது சிஸ்டர், மூலையில் கலர் நகர்கிறது சிஸ்டர் என்பார்கள். இதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் காய்ச்சல் இல்லாமலே அப்படி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பழைய லைனின் பெயரை வைத்தாள்: களக்காடு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி.

முதல் தடவை மாடியில் கொஞ்சம் உரக்கப் போட்டபோது, சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, யாருக்கு என்ன என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். அங்கே குழாய் ஸ்பீக்கர் கட்டி இப்படித்தான் எதையாவது இழுக்கவிடுவார்கள். அன்றிலிருந்து அவளுடைய இசைக்குத் தெருவில் துட்டிப் பாட்டு என்று பெயர். அவளும் அப்படியே சொல்லிக்கொண்டாள்.

கீழே குடியிருந்த அண்ணன் கிருபைராஜுக்குத்தான் அது பொறுக்கவில்லை. கோர்ட்டில் குமாஸ்தா, எதையும் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்த்துச் செய்கிறவர். ஒரு நாள் என்னிடம் வந்து, தங்கைக்கு மூளையில் ஏதாவது இருக்குமோ, நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பிரஷர் சரி. நாக்கு, கண், பசி, தூக்கம் எல்லாம் சரி. நேராகவே கேட்டேன்.

"சோகமா இருக்கியா?"

"சோகமா இருந்தா இத எப்படிப் போடுவேன் சிஸ்டர்? மூக்கச் சிந்திக்கிட்டுல்லா கிடப்பேன்."

"பொறவு ஏன் இது இப்படி இருட்டா இருக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "கரண்டு போனா தெருப் பிள்ளைய எல்லாம் ஓன்னு கத்துமே, கேட்டிருக்கியளா? அது அழுகையா? சந்தோஷம்லா. அந்த இருட்டுதான் சிஸ்டர் இது."

கீழே வந்து கிருபைராஜுக்கும் பிரஷர் பார்த்தேன். தங்கைக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் கூடுதல், உப்பைக் குறையுங்கள் என்று சொன்னேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை.

அடுத்த வருஷம் அவருடைய மகள் எப்சிக்குச் சேரன்மகாதேவியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஹெப்ரான். பெங்களூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பா இறந்ததும் ஊருக்குத் திரும்பி உரக்கடையைப் பார்த்துக்கொள்கிறவன். அம்மா சுகிர்தம் வயலையும் ஆட்களையும் ஒற்றை ஆளாக நடத்துகிறவள், கெட்டிக்காரி என்று பெயர். நல்ல இடம். எப்சிக்கும் பிடித்திருந்தது.

கிருபைராஜ் தங்கையைக் கூப்பிட்டுப் பேசினார். பெண்ணின் அத்தை மாடியில் உட்கார்ந்து துட்டிப் பாட்டுப் போடுகிறாள் என்று தெரிந்தால், அந்தக் குடும்பத்தில் கிறுக்கு ஓடுகிறது என்பார்கள், சம்பந்தம் நிற்காது. நிச்சயம் முடிந்த மறுநாளே கீபோர்டைத் தூத்துக்குடியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், அங்கே ஞாயிறு பள்ளிக்குப் பயன்படும் என்றார். எப்சி அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. ஜெபகனியே கீபோர்டைத் துடைத்து, வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து, கயிறு போட்டுக் கட்டினாள்.

அதற்குப் பிறகும் சாப்பாடு குறையவில்லை, தூக்கம் குறையவில்லை. சிரிப்பு மட்டும் எங்கள் வீட்டு கேட் வரைகூட வரவில்லை. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் படவில்லை.

நிச்சயதார்த்தம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வாசலில் பந்தல் போட்டு, சீரியல் பல்பு தொங்கவிட்டு, குழாய் ஸ்பீக்கரைத் தெருமுனை வேப்பமரத்தில் கட்டியிருந்தார் ஸ்பீக்கர் செட் தில்லைநாயகம் அண்ணாச்சி. அவரிடம் இருந்ததெல்லாம் கோயில் கொடை விழாவுக்குப் போடும் அம்மன் பாட்டு. கிறிஸ்தவப் பாட்டு ஏதாவது கொடுங்கள் என்றார். கிருபைராஜ் உள்ளே போய், அலமாரியிலிருந்து கீர்த்தனைகள் என்று எழுதிய கேசட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் கீர்த்தனை ஒலித்தது. அதைக் கேட்டுத் திருப்தியோடு வேஷ்டி மாற்றப் போனார்.

ஜெபகனி புதுக் கேசட் வாங்குவதில்லை. வீட்டில் கிடந்த பழைய கேசட்டுகளின் மேல்தான் பதிவாள். முதல் கீர்த்தனையை மட்டும் அழிக்க மனசில்லாமல் விட்டிருந்தாள். அது முடிந்ததும் டக்கென்று ஒரு சத்தம். பிறகு சேரன்மகாதேவி லைன் ஆரம்பித்தது, முக்கால் செத்த பேட்டரியில்.

வீட்டுக்குள் யாருக்கும் கேட்கவில்லை. நானும் மைதீன் பாத்திமாவும் அடுப்படியில் வடை போட்டுக்கொண்டிருந்தோம், ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. ஜெபகனி பின்கட்டில் எப்சிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். குழாயின் வாயோ ரோட்டைப் பார்த்து இருந்தது.

வெளியில் நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து பந்தலில் போட்டு, பேசாமல் உட்கார்ந்தார்கள். டீ குடிக்கப் போயிருந்த தில்லைநாயகம் அண்ணாச்சியிடம் ஒருவர், யாருவே போனது என்று கேட்டார். "தெரியலவே, காலையில பந்தல் போடும்போது எல்லாரும் நல்லாத்தான இருந்தாவ" என்றார் அவர். வீட்டுக்காரர்களே கேசட்டை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதையாக வந்து சீரியல் பல்புகளைக் கழற்றிச் சுருட்டி வைத்தார்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனைக்கு வந்தது. முனகலைக் கேட்டு டிரைவர் தானாகவே நிறுத்திவிட்டார். கிருபைராஜ் சார் வீடா என்று கேட்டதற்கு, ஆமாம்மா, அங்கனதான், யாருன்னுதான் தெரியல என்றார் ஒரு ஆட்டோக்காரர். சுகிர்தம் முறை தெரிந்தவள். பூ, பழம், சேலை வைத்த தட்டுகளைத் திரும்ப வேனுக்குள் வைக்கச் சொன்னாள். கூட வந்த பெண்களின் தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றச் சொன்னாள். துட்டி வீட்டுக்குக் கையில் எதையும் கொண்டுபோகக் கூடாது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, குனிந்த தலையோடு எல்லோரும் நடந்து வந்தார்கள்.

கிருபைராஜ் ஜரிகை வேஷ்டியோடு வாசலுக்கு ஓடி வந்து, சம்பந்தி வந்த பரபரப்பில் வேறு எதையும் காதில் வாங்காமல், வாய் நிறைய வாங்க வாங்க என்றார்.

துட்டி வீட்டில் வாங்க என்று யாரும் சொல்வதில்லை. மனுஷனுக்குத் துக்கம் தலைக்கு ஏறிவிட்டது என்று சுகிர்தம் நினைத்தாள். அவர் கையைப் பிடித்தபடியே கூடத்துக்குள் வந்தாள். நான் வடைத் தட்டோடு கூடத்துக்கு வந்தது அப்போதுதான்.

"எப்ப எடுக்கிய அண்ணாச்சி?" என்று சுகிர்தம் மெதுவாகக் கேட்டாள்.

பிரேதத்தை எப்போது எடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கிருபைராஜ் நிச்சயத் தட்டைக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க வந்த பொறவுதான் எடுக்கணும்னு இருக்கோம் மதினி. உள்ள எல்லாம் தயாரா இருக்கு. பூவெல்லாம் போட்டாச்சு."

"ரொம்பக் கஷ்டப்பட்டாவளோ?"

"விடியக்காலத்துல இருந்தே. இப்ப குளிப்பாட்டி, பட்டுச் சேலை கட்டி, சிரிச்ச மொகமா இருக்கா. நீங்களே வந்து பாருங்க."

சுகிர்தத்தின் முகம் மாறியது. "பொம்பள ஆளா? வயசென்ன?"

"என்ன மதினி, தெரியாத மாதிரி கேக்கிய? இருபத்துமூணு."

ஹெப்ரானின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. அந்தச் சமயம் பார்த்து எப்சி பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாகக் காபித் தட்டை ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

சுகிர்தம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நாடி பார்த்தேன். வேகம், ஆனால் ஒழுங்காக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். மைதீன் பாத்திமா அடுப்படியில் ஸ்டவ்வை அணைத்தாள். அப்போதுதான் தெருவிலிருந்து வந்த முனகல் வீட்டுக்குள் எல்லோருக்கும் கேட்டது.

எப்சிக்குப் பின்னால் நின்ற ஜெபகனிக்குத்தான் முதலில் விளங்கியது. "ஐயோ, இது என் பாட்டுலா" என்றாள். தெருமுனையில் நின்ற வேன், முந்தானை மூடிய பெண்கள், பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல நாளாகத் தேங்கியிருந்த சிரிப்பு அது. எப்சிக்குத் தொற்றியது, காபி தளும்பியது. ஹெப்ரான் உயிரோடு இருக்கும் எப்சியைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். கடைசியில் தரையில் இருந்த சுகிர்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கிருபைராஜ் மட்டும் சிரிக்கவில்லை. மன்னிக்க வேண்டும், அந்தப் பெட்டியைக் கட்டி வைத்தாகிவிட்டது, நாளைக்கே தூத்துக்குடிக்குப் போகிறது, இனி இந்த வீட்டில் இது கேட்காது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு வாசலைப் பார்த்து, அண்ணாச்சி அதை நிறுத்தும் என்று கத்தினார். ஜெபகனியின் சிரிப்பு அங்கேயே நின்றது.

"நிறுத்தாண்டாம்" என்றாள் சுகிர்தம். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "என்ன பாட்டு இது மதினி?" என்று ஜெபகனியைக் கேட்டாள்.

ஜெபகனி அண்ணனைப் பார்த்தாள், பிறகு சொன்னாள். "சேரன்மாதேவி."

"எங்க ஊரா?"

"ஒங்க ஊரு டெலிபோன் லைனு. மழை வாறதுக்கு முன்னால இப்படித்தான் கேக்கும்."

சுகிர்தம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "அதான பாத்தேன். எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு. வயக்காட்டுல கம்பி போற போஸ்ட்டுல காத வச்சா இப்படித்தான் இரையும். சின்னப் பிள்ளையில நாங்க வரிசையா நின்னு கேப்போம், எங்கம்மா வந்து அடிச்சு இழுத்துட்டுப் போவா."

ஹெப்ரான், பெங்களூரில் தன்னோடு தங்கியிருந்தவன் இதே மாதிரி வெளிநாட்டுக் கேசட்டெல்லாம் வைத்திருந்தான், அதற்கு ஆம்பியன்ட் என்று பெயர் என்றான். ஜெபகனி அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "நல்லாருக்கு தம்பி. ஆனா எங்க தெருவுல வாயில நுழையாது. துட்டிப் பாட்டுன்னே இருக்கட்டும்."

சுகிர்தம் கிருபைராஜ் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, பொண்ணுக்கு என்ன போடுதியன்னு நாங்க கேக்கல, கேக்கவும் மாட்டோம். எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். அந்தப் பெட்டி இந்த வீட்ட விட்டுப் போகக் கூடாது."

சம்பந்தி வீட்டார் வைத்த ஒரே நிபந்தனை. நாலு பேர் முன்னால் வைத்தது. நாலு பேருக்காகவே வாழ்ந்த கிருபைராஜ் அதற்கு என்ன சொல்ல முடியும்? காபி ஆறுது, எல்லாரும் உக்காருங்க என்றார். ஜெபகனி மாடிப்படியைப் பார்த்தாள். அங்கே ஓடக்கூடாது என்று ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேனிலிருந்து தட்டுகள் திரும்ப வந்தன. கழற்றிய மல்லிகையைப் பெண்கள் மறுபடி வைத்துக்கொண்டார்கள். தில்லைநாயகம் அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே சீரியல் பல்பை மாட்டினார். தாமதமாக வந்த பாஸ்டர் ஐயாவுக்கு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரிப்பில் ஜெபம் ஆரம்பிக்க முடியாமல் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தார். ஆட்டோக்காரர்கள் துட்டிக்கு வந்தவர்கள். வடை சாப்பிட்டு, காபி குடித்து, போயிட்டு வாறோம் என்று தைரியமாகச் சொல்லிவிட்டே போனார்கள்.

பாட்டு நன்றாக எடுபட்டதைப் பார்த்து, தில்லைநாயகம் அண்ணாச்சி பிறகு ஒரு நாள் வந்து, அந்தக் கேசட்டில் ஒரு பிரதி கொடு, சாவு வீடுகளுக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டார். ஜெபகனி கண்டிப்பாக மறுத்துவிட்டாள். அங்கே போட்டால் அது சோகப் பாட்டாகிவிடும் என்றாள். அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, அந்தப் பொம்பள சொல்லுதது ஒங்களுக்கு வெளங்குதா சிஸ்டர் என்று கேட்டார். விளங்குகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

கல்யாணம் முடிந்து எப்சி சேரன்மகாதேவிக்குப் போனாள். மாடியில் முனகல் மறுபடி கேட்க ஆரம்பித்தது. ஆனால் தெருவில் பேட்டரி தட்டுப்பாடு. எல்லோர் வீட்டிலும் அவள் கொடுத்த புதுப் பேட்டரிதான் இருந்தது, தீரவே மாட்டேன் என்றது. அப்போது ஒரு நாள் காலையில் பஸ் கண்டக்டர் ஒருவர் கனமான மஞ்சள் பை ஒன்றை எங்கள் தெருவில் கொண்டுவந்து இறக்கினார். சேரன்மகாதேவியில் ஒரு அம்மா கொடுத்துவிட்டதாகச் சொன்னார். திறந்து பார்த்தால் பை நிறைய டார்ச் பேட்டரி. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆட்கள் எல்லோரிடமும் சுகிர்தம் சொல்லி வைத்துச் சேர்த்திருக்கிறாள்.

"பழைய பேட்டரியப் போயி பஸ்ஸுல ஏத்தி அனுப்புதாவளே" என்று கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

ஜெபகனி ஒன்றை எடுத்து டார்ச்சில் போட்டு, பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். பல்பு சிவப்பாக, உயிர் போகிற மாதிரி மினுங்கியது. "நல்லா செத்துருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.